இடது கைக்கு வேலை கொடுங்கள்

அன்புள்ள மாதவரம் நண்பருக்கு,

பால்பண்ணைப் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பகலில் கன்டெய்னர் யார்டில் கணக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு, ஆடி மாதம் பிறந்துவிட்டால் அம்மன் கோயில் கச்சேரி மேடை என்று ஓடிக்கொண்டிருப்பவர், அதற்கு நடுவிலும் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த மூன்று வரிதான்: "பாட்டு தப்பில்லாம வருது சார், ஆனா உசுரு இல்ல. நாதஸ்வர டோன் போட்டாலும் துண்டு துண்டா கேக்குது. லோன் போட்டுப் பெரிய கீபோர்டா ஒண்ணு வாங்கிடலாமா?"

வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் கீபோர்டில் இடது ஓரத்தில் இரண்டு வீல் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவற்றைத் தொட்டதே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். இதே சந்தேகத்தைப் பலரும் கேட்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். மாதவரத்துக்குப் பக்கத்தில் மணலி. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியும் டேங்கர் லாரி வரிசையும்தான் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திருவாரூரிலிருந்து ராமசாமி தீட்சிதர் குடும்பம் வந்து தங்கியது இந்த மணலியில்தான். மணலி முதலியார் குடும்பம் அவர்களை ஆதரித்தது. பெரிய பிள்ளை முத்துசுவாமி தீட்சிதர். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர், 1786இல் பிறந்தவர், கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்களின் வாத்திய இசையைக் கேட்டு வயலின் கற்றுக்கொண்டார். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர் என்று சங்கீத உலகம் அவரைத்தான் சொல்கிறது. வெளிநாட்டு வாத்தியம் ஒன்றை நம் இசைக்குப் பழக்கிய முதல் பெரிய காரியம் உங்கள் பேருந்து போகிற வழியில் நடந்திருக்கிறது. சபாக்களில் இதைப் பேசுவார்கள். மணலியில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வயலின் ஏன் ஒட்டிக்கொண்டது? அதில் வீணை மாதிரி மெட்டு கிடையாது. விரல் கம்பியில் வழுக்கிக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகும், எங்கு வேண்டுமானாலும் நிற்கும். நம் பாட்டில் ஸ்வரம் நின்றால் அது வேறு பாட்டு. அசைய வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழைய வேண்டும், கீழே தொட்டுவிட்டு மேலே வர வேண்டும். கமகம் என்று சொல்வது இதைத்தான். மெல்லிசைக்காரர்கள் வாயில் இது "பெண்டு". சினிமாப் பாட்டில் பாடகர் ஒரு எழுத்தை வளைத்து இறக்குகிறாரே, அதுவும் இந்த வகைதான். கானா பாடுகிறவர் வரியின் கடைசியில் குரலைச் சரித்து விடுவதும் இதுதான். ஆக இது சபாவுக்குப் போகிறவர்களின் தனிச் சொத்து இல்லை.

ஹார்மோனியத்துக்கு இந்த வசதி இல்லை. துருத்தியை அழுத்தினால் சத்தம் கூடும், தளர்த்தினால் குறையும். ஸ்வரத்தை மட்டும் அசைக்க முடியாது. நாடக மேடையில் அது கொடிகட்டிப் பறந்தது, ஆனால் அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை போட்டது, 1971 வரை தடை தளரவில்லை. தடை போட்டவர்களின் பிடிவாதத்தை நான் ஆதரிக்கவில்லை. காரணம் மட்டும் பொய்யில்லை: கட்டைக்குக் கட்டை நடுவில் இருக்கும் இடத்துக்கு அந்த வாத்தியத்தால் போக முடியாது.

உங்கள் கீபோர்டை ஹார்மோனியத்திலிருந்து வேறாக்குவது அந்த இடது ஓரத்து வீல் ஒன்றுதான். அதைத் தொடாமல் வாசித்தால் நீங்கள் வாசிப்பது கரண்டில் ஓடும் ஹார்மோனியம்.

இப்போது வேலைக்கு வருவோம். இரண்டு வீலில் ஒன்று பிட்ச் பெண்ட். விட்டால் நடுவுக்குத் தானே திரும்பிவிடும், உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. இன்னொன்று மாடுலேஷன், விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். ரோலண்ட் கீபோர்டுகளில் இரண்டையும் சேர்த்து ஒரே லீவராக வைத்திருப்பார்கள்: பக்கவாட்டில் தள்ளினால் பிட்ச், முன்னால் தள்ளினால் மாடுலேஷன்.

மாடுலேஷனை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலான டோன்களில் அதை ஏற்றினால் ஒலி நடுங்கும். அந்த நடுக்கத்தைச் செய்வது உள்ளே இருக்கும் மின்சுற்று. ஒரே வேகத்தில், ஸ்வரத்துக்கு மேலும் கீழும் ஒரே அளவில் ஆட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வாசிப்பவர்கள் இதைக் கமகம் என்று நினைத்து எல்லாப் பாட்டுக்கும் ஏற்றிவிடுகிறார்கள். கம்பிதம் என்ற அசைவுக் கமகம் அப்படி ஆடாது. ஒரு பக்கம் அதிகம் போகும், வேகம் மாறும், முடியும்போது ஒரு இடத்தில் ஒதுங்கும். சர்ச் பாட்டில் ஸ்ட்ரிங்ஸ் டோனுக்கு நீண்ட ஸ்வரத்தின் கடைசியில் கொஞ்சம் ஏற்றினால் அழகாக இருக்கும். அவ்வளவுதான் அதன் எல்லை.

பிட்ச் பெண்ட் வேறு விஷயம். 1983இல் மிடி என்ற பொது ஏற்பாடு வந்தபோது, கட்டையை எவ்வளவு பலமாகத் தட்டினோம் என்பதற்கு 128 படிகளே போதும் என்று விட்டவர்கள், இந்த வீலுக்கு 16,384 படிகள் ஒதுக்கினார்கள். காது சத்தத்தில் ஏமாறும், ஸ்வரத்தில் ஏமாறாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. (மலிவான கீபோர்டுகள் அத்தனை படிகளையும் பயன்படுத்துவதில்லை. மேடையில் அது தெரியவும் தெரியாது.)

கடையிலிருந்து வரும்போது அந்த வீல் பெரும்பாலும் மேலே இரண்டு கட்டை, கீழே இரண்டு கட்டை அளவுக்கு வைக்கப்பட்டிருக்கும். கறுப்பையும் சேர்த்து எண்ணும் கட்டை இது. மெனுவில் பிட்ச் பெண்ட் ரேஞ்ச் என்று தேடினால் எண் 2 என்று காட்டும். முதலில் அதை மாற்றாதீர்கள். ஸட்ஜமத்தை அழுத்தி வீலை மேலே முழுதும் தள்ளுங்கள். சதுஸ்ருதி ரிஷபம் வர வேண்டும். வந்ததா என்று அந்தக் கட்டையையே அழுத்திச் சரிபாருங்கள். பிறகு பாதி தள்ளி சுத்த ரிஷபம் பிடியுங்கள். முழுதும் தள்ளுவது யாருக்கும் வரும், வீல் தானே முட்டி நின்றுவிடும். பாதியில் நிறுத்துவதுதான் பாடம். அங்கே நிறுத்த விரலுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். வாயால் பாடிக்கொண்டே செய்யுங்கள். பாட வராத ஸ்வரம் வீலில் வராது.

அடுத்து, வீலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்டையை அழுத்தி, பிறகு வீலை நடுவுக்கு விடுங்கள். ஸ்வரம் கீழிருந்து ஏறி வந்து உட்காரும். இதில் ஒரு லாபம் இருக்கிறது: நடு இடம் ஸ்பிரிங்கின் பொறுப்பு, ஆகவே போய்ச் சேரும் ஸ்வரம் சுத்தமாக இருக்கும். மேடையில் அவசரத்துக்கு மெல்லிசை வாசிப்பவர்கள் அதிகம் கையாளும் வித்தை இது. ஆனால் விரலை மொத்தமாக எடுத்துவிடாதீர்கள். ஸ்பிரிங் டக்கென்று குதிக்கும், குழல் டோனில் அது விக்கல் மாதிரி கேட்கும். விரல் கூடவே போய் இறக்கிவிட வேண்டும். இன்னொன்று, கட்டையை விட்ட பிறகும் ஒலியின் வால் கொஞ்ச நேரம் இருக்கும். அது அடங்குவதற்குள் வீலை விட்டால் வால் மட்டும் தனியாகச் சரியும். நேரில் கேட்கும்போது தெரியாது, ரெக்கார்டிங்கில் காட்டிக்கொடுத்துவிடும்.

தோடி காந்தாரத்துக்கு வருகிறேன். நீங்கள் கடிதத்தில் குறிப்பாகக் கேட்டது அது. தோடியில் சாதாரண காந்தாரம். ஸட்ஜமம் முதல் வெள்ளைக் கட்டை என்றால், அது இரண்டாவது கறுப்புக் கட்டை. அதை அழுத்தி விட்டால் எந்தத் தோடியும் கேட்காது. காரணம், தோடியில் காந்தாரம் தன் இடத்தில் உட்காருவதே அபூர்வம். கீழே சுத்த ரிஷபத்துக்கும் மேலே சுத்த மத்யமத்துக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருக்கும். அந்த இரண்டுக்கும் இடையில் நான்கு கட்டை தூரம். காந்தாரக் கட்டையை அழுத்தி, ரேஞ்ச் 2 இருக்கும்போதே வீலை முழுதும் இறக்கினால் ரிஷபம், முழுதும் ஏற்றினால் மத்யமம். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் வாசித்துப் பாருங்கள், திருப்தி வராது. ஒவ்வொரு ஊசலிலும் வீல் நடுவைத் தாண்டும்போது ஸ்பிரிங்கின் பிடிப்பு விரலில் இடறும், காந்தாரம் நிற்கக் கூடாத இடத்தில் ஒரு கணம் நிற்கும்.

வீணைக்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். வீணையில் கம்பியை இழுத்தால் ஸ்வரம் ஏறத்தான் முடியும், இறங்காது. ஆகவே கீழ் மெட்டில் விரலை வைத்து மீட்டி, மேலே இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுப்பார்கள். நாமும் அதையே செய்யலாம். ரேஞ்சை 4 ஆக்குங்கள். ரிஷபக் கட்டையை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். வீலை மேலே மட்டும் ஓட்டுங்கள். நடு இடம் ரிஷபம், உச்சி மத்யமம், காந்தாரம் இரண்டுக்கும் நடுவில் போகிற போக்கில் கேட்கும். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, உச்சியில் லேசாக அழுத்தம். ஒரு வாரத்தில் தோடியின் வாசனை வரும். முழுத் தோடி வர வருஷங்கள் ஆகும், அதற்குக் கீபோர்டு பொறுப்பில்லை.

ரேஞ்சை 12 வரை ஏற்ற வழி இருக்கிறதே என்று தோன்றும். தேவையில்லை. இடம் பெரிதானால் விரலின் சின்ன நடுக்கமும் பெரிய அபஸ்வரமாகும்.

இந்தக் கமகங்களுக்குக் குறி போட்ட நூலும் அதே மணலிக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். பாலுசுவாமி தீட்சிதர் பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருந்தார். அவர் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர், 1904இல் எட்டயபுரத்திலிருந்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். அதில் ஸ்வரங்களுக்கு மேல் கமகக் குறிகளையும் போட்டு அச்சடித்தார். கம்பிதம், ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, நொக்கு, ஒதுக்கல், ரவை, கண்டிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம். அந்தப் பட்டியலைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேடிக்கையாக இருக்கும். ஒரு மெட்டில் நின்று கம்பியை இழுத்து மேல் ஸ்வரத்தை எடுப்பது ஒதுக்கல். நாம் வீலை மேலே தள்ளுவதும் அதேதான். ஏற்ற ஜாருவும் இறக்க ஜாருவும் வழுக்கிப் போவது. மெதுவாக ஓட்டும் வீலிலோ, உங்கள் கீபோர்டில் இருந்தால், ஒரு கட்டையிலிருந்து அடுத்ததுக்கு ஒலியை வழுக்கவிடும் போர்ட்டமென்டோவிலோ வரும். போர்ட்டமென்டோ போடும்போது டோனை மோனோவில், அதாவது ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும்படி வைத்து, முதல் கட்டையை விடாமல் அடுத்ததை அழுத்த வேண்டும். ரவை, கண்டிப்பு போன்ற மின்னல் வேகத்து விஷயங்களுக்கு வீல் சரிப்படாது, பக்கத்துக் கட்டையைத் தொட்டு எடுப்பதே மேல். எதற்கு வீல், எதற்கு விரல் என்று பிரிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சென்னையில் இதை முழுக் கச்சேரியாகவே செய்து காட்டியவர் கீபோர்டு கே. சத்யநாராயணன். 1995இல் பிறந்தவர், சிறு பிள்ளையாக மேடை ஏறியவர். வயலின், மிருதங்கம் பக்கவாத்தியத்தோடு ஆலாபனை, கிருதி, தானம் எல்லாம் கீபோர்டில் வாசிக்கிறார். அவர் வாசிக்கும்போது வலது கையைப் பார்க்காதீர்கள், அது எல்லாரும் செய்வது. இடது கை வீலை விட்டு நகராது. வீணையில் வலது கை மீட்ட, இடது கை ஸ்வரத்தை உருவாக்கும். இவர் வாசிப்பிலும் வலது கை தட்டிக் கொடுக்கிறது, இடது கை பாடுகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளை எடுத்துவிட்டு ஒற்றைக் கம்பிகளோடு மின்சார மாண்டலினில் வாசித்தார், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனைப் பழக்கினார். அந்த வரிசையில் வைக்க வேண்டிய வேலை இது. கீபோர்டு என்றாலே மூக்கைச் சுளிக்கிற ரசிகர்கள் அவருடைய ஒரு ஆலாபனையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. இடது கை வீலுக்குப் போய்விட்டால் கார்டு பிடிக்கக் கை இல்லை. சர்ச்சில் நீங்கள் ஒருவரே பாட்டுக்கு ஆதாரம் என்றால் அங்கே வீலை மறந்துவிடுங்கள், கார்டுதான் முக்கியம். மேடையில் இரண்டாவது கீபோர்டு இருந்தால் அவர் கார்டு பிடிக்கட்டும், நீங்கள் லீட் மட்டும் எடுங்கள். வீல் திரும்பினால் அந்த டோனில் ஒலிக்கும் எல்லாக் கட்டையும் சேர்ந்து திரும்பும் என்பதையும் மறக்காதீர்கள். கீழே ஸட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டு மேலே கமகம் போட்டால் சுருதியே ஆடும். தம்புராவைப் போனில் ஓட விடுங்கள்.

நீங்கள் விலை விசாரித்த பெரிய கீபோர்டு இந்தச் சிக்கலைத் தீர்க்குமா? நீங்கள் ஆசைப்படும் ஆஃப்டர்டச், அதாவது அழுத்திய கட்டையை மேலும் அழுத்தினால் ஒலி மாறுவது, நல்ல வசதிதான். ஆனால் ஸ்வரத்தை வளைக்க அதை நம்ப முடியாது, அது சத்தத்துக்கும் நடுக்கத்துக்கும் உதவும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வளைவு வேண்டுமானால் எம்பிஇ என்ற ஏற்பாடு வேண்டும். 2018இல்தான் அது முறைப்படி மிடியில் சேர்ந்தது. ரோலி சீபோர்டு மாதிரி மெத்தென்ற பரப்புள்ள வாத்தியங்கள் அந்த வகை. ஏ.ஆர். ரஹ்மான் ‘டெல்லி-6’ படத்தில் ‘ரெஹ்னா தூ’ பாட்டின் கடைசியில் வாசித்த கன்டின்யூம் என்ற வாத்தியம், கட்டையே இல்லாத பட்டை. விரலை வைத்த இடத்தில் ஸ்வரம், நகர்த்தினால் நகரும். 2009லேயே அவர் அதைக் கேட்க வைத்தார். கேட்டுப் பாருங்கள், வாயில் பாடுவது போலவே இருக்கும். ஆனால் அதில் சரியான இடத்தில் விரலை வைப்பது வயலின் கற்பதற்குச் சமம். வீலில் பாதியை நிறுத்தத் தெரியாத கைக்கு அந்தப் பட்டை இன்னும் பெரிய தொல்லை.

கட்டையைத் தட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் "டச் ஆஃப் பண்ணிதான் வாசிப்பேன்" என்று இருந்தது. உங்கள் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு ரப்பர் தொடுப்புகள் இருக்கும். ஒன்று முதலில் படும், மற்றது கொஞ்சம் பிந்திப் படும். அந்த இடைவெளி நேரத்தை அளந்துதான் நீங்கள் மெதுவாகத் தட்டினீர்களா, ஓங்கித் தட்டினீர்களா என்று அது கணக்குப் போடுகிறது. டச்சை அணைத்தால் எல்லா ஸ்வரமும் ஒரே சத்தத்தில் வரும். ஆடிக் கச்சேரியில் ட்ரம்ஸுக்கு மேல் கேட்க வேண்டும் என்று அணைக்கிறீர்கள், புரிகிறது. அதற்கு மிக்ஸரில் இருப்பவரிடம் சத்தத்தைக் கூட்டச் சொல்லுங்கள். டச்சை மீடியத்தில் வையுங்கள்.

பெடல் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். சஸ்டெய்ன் பெடல் மிதித்தபடி நாதஸ்வரம் வாசிக்கக் கூடாது. மூச்சு விடாத நாதஸ்வரம் உலகத்தில் இல்லை. அதற்குப் பதில் எக்ஸ்பிரஷன் பெடலுக்கு உங்கள் கீபோர்டின் பின்னால் தனி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லோன் காசில் ஒரு சிறு பங்குக்கு அந்தப் பெடலை வாங்கலாம். வாங்கும் முன் உங்கள் கீபோர்டு கம்பெனிக்கு அந்தப் பெடல் ஒத்துவருமா என்று கடையில் மாட்டிப் பார்த்துவிடுங்கள், உள் வயரிங் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காலை மெல்ல அழுத்தினால் ஒலி வளரும், தளர்த்தினால் தேயும். குழலிலும் நாதஸ்வரத்திலும் ஊதுகிறவரின் மூச்சு செய்யும் வேலையை உங்கள் பாதம் செய்யும். கை வளைக்க, கால் மூச்சு விட, அப்போதுதான் நீங்கள் சொன்ன அந்த உசுரு எட்டிப் பார்க்கும்.

டோன் தேர்வில் ஒரு வார்த்தை. பியானோ டோனில் பெண்டு போடாதீர்கள், பியானோ வளையாது என்று கேட்கிறவர் காதுக்குத் தெரியும், பொம்மை மாதிரி இருக்கும். குழல், நாதஸ்வரம், வயலின், ஷெனாய், சாக்ஸபோன், சின்த் லீட், இவைதான் வளைவுக்கு இடம் கொடுக்கும். நீங்கள் சிதார் டோனைக் கேட்டிருந்தீர்கள். தட்டியதும் தேய்ந்துபோகும் ஒலி அது, வளைவு முடிவதற்குள் அடங்கிவிடும். சின்ன வளைவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ரோ வேலையும் லாரிச் சத்தமும் காதைப் பிளக்கின்றன, பயிற்சிக்கு இடமே இல்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். கமகப் பயிற்சிக்கு அதுவே நல்லது, ஸ்பீக்கரில் தப்பும் நுணுக்கம் காதுக்குள் தப்பாது. பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே ரிஷபத்தை ஒரு மணி நேரம் கேட்கும் தண்டனையிலிருந்து பிழைப்பார்.

திருவொற்றியூர் உங்களுக்கு எட்டும் தூரம். திரிபுரசுந்தரி மீது தியாகராஜர் பாடிய கிருதிகளுக்கு அந்த ஊர்தான் இடம். அவருடைய சீடர் வீணை குப்பையரின் மகன் தியாகையர் பெயருக்கு முன்னால் அந்த ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் வாய்ப்பாட்டோ வீணையோ சொல்லிக்கொடுக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கீபோர்டு ஆசிரியர் வேண்டாம், கட்டை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வர்ணம் இரண்டு பாடக் கற்றுக்கொண்டு, பிறகு அதை வீலில் எடுங்கள்.

லோன் விண்ணப்பத்தை இப்போதைக்கு மேசைக்குள் வையுங்கள். இந்த ஆடிக் கச்சேரியில் ஒரே ஒரு பாட்டில், ஒரே ஒரு நாதஸ்வர பிட்டை வீலோடு வாசியுங்கள். எந்தப் பாட்டு, எந்த இடத்தில் வளைந்தது, எந்த இடத்தில் வழுக்கிற்று என்று எனக்கு எழுதுங்கள். முடிந்தால் போனில் பதிவு செய்து அனுப்புங்கள், கேட்டுவிட்டுப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பத்தியாளன்